மிச்சம் இருக்கிற ஒரு இடம்

ஐயோ, மன்னிச்சுக்குங்கண்ணே. வெள்ளைக் கோலைப் பாத்ததும் என் கை தானா வந்து உங்க முழங்கையைப் பிடிச்சிருச்சு. நாற்காலி தேடுறீங்கன்னு நினைச்சேன். இல்லையா? வாசல்ல நின்னு காத்து வாங்கிட்டு இருந்தீங்களா? சரி, இழுத்துட்டு வந்து உக்கார வச்சுட்டேன், உக்காருங்க. இந்தப் படிப்புல முதல் பாடமே அதுதான், கேக்காம உதவி பண்ணாதேன்னு. நேர்காணலுக்கு வந்த இடத்துலயே கோட்டை விட்டுட்டேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிறாதீங்க.

உங்களுக்கு அந்தக் கோடி அறைதானே? ஸ்பெஷல் டீச்சர் படிப்பு. எனக்கு எதுத்தாப்புல இருக்கிற கதவு. அப்ப நமக்குள்ள போட்டி இல்ல, நிம்மதியாப் பேசலாம்.

உள்ள போன ஆளு இன்னும் வரல. இருபது நிமிஷம்னுதான் சொன்னாங்க. அதெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு.

உங்க படிப்புக்கும் நான் முயற்சி பண்ணேன். பத்து வருஷமா ஸ்பெஷல் வகுப்புல டீச்சருக்கு உதவியாள் நான். பிள்ளைகளைத் தூக்கி, சாப்பாடு ஊட்டி, கடி வாங்கி, எல்லாம் பாத்தாச்சு. டீச்சர் ஆகலாமேன்னு கேட்டா, அரசாங்க உதவித்தொகை இருக்கு, ஆனா ஏழைப் பள்ளிக்கூடத்துல நாலு வருஷம் பாடம் எடுக்கணும், நடுவுல விட்டா குடுத்தது பூராவும் கடனா மாறிடும்ன்னாங்க. எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணு அப்படித்தான் மாட்டிக்கிட்டா. கல்யாணம் பண்ணி ஒஹாயோ மாநிலத்துக்குப் போனா, கடனும் கூடவே போச்சு. பேராசிரியர் ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டே படிக்கலாம்னு இன்னொரு வழி. அது நான் போய்க் கேக்கிறதுக்குள்ள வேற யாருக்கோ போயிருச்சு. பேங்க் கடனா, வேணவே வேணாம். நுரையீரல்ல நிலக்கரித் தூசியோட செத்த எங்கப்பாவுக்கு இன்னமும் ஆஸ்பத்திரி பில் வந்துக்கிட்டு இருக்கு.

கடைசியா கிடைச்சதுதான் இந்த மறுவாழ்வு ஆலோசகர் படிப்பு. அடிபட்டவங்க, கண் தெரியாதவங்க, கைகால் ஒத்துழைக்காதவங்களுக்கு வேலை தேடிக் குடுக்கிற வேலை. ஆமா, உங்களுக்குத் தெரியாததா. ஃபீஸ் பூரா அவங்களே கட்டிருவாங்க, மாசச் செலவுக்கும் தருவாங்க. ஒரு வருஷம் படிச்சா ரெண்டு வருஷம் அரசாங்க ஆபீஸ்ல வேலை பாக்கணும். இங்க வர்ற பாதிப் பேரு அதை என்னமோ ஜெயில் தண்டனை மாதிரி பேசுறாங்க. பைக்வில் ஊருக்கு அந்தாண்டை எங்க மலையில நிலக்கரிச் சுரங்கம் மூடினப்புறம் ஆபீஸ் வேலைன்னா வரம்ணே.

இந்த வருஷம் வந்த பணத்துக்கு ரெண்டே இடம். ஒண்ணு போன வாரமே போயிருச்சு.

கேட்டுச்சா? உள்ள சிரிக்கிறாங்க. சிரிக்கிற அளவுக்கு என்ன பேசுறாங்களோ.

நான் நிக்கிறது எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? ஷூ சத்தமா? சரி, உக்காந்துட்டேன்.

எல்லா விண்ணப்பத்துலயும் ஒரே கேள்விதானே, ஏன் இந்தத் துறைக்கு வந்தீங்கன்னு. இந்த வராந்தாவுல இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு தம்பியோ பிள்ளையோ இருக்கும், எழுதுறதுக்கு. எனக்குத் தம்பி லைல். பொறக்கும்போது மூச்சுத் திணறி, கைகாலெல்லாம் முறுக்கிக்கிட்டு, பேச்சு குழறிக் குழறித்தான் வரும். வீட்டுல எனக்கு மட்டும்தான் புரியும். சின்ன வயசுலேர்ந்து அவன் வாய் நான்தான். டாக்டர்கிட்ட, பள்ளிக்கூடத்துல, சர்ச்சுல, எல்லா இடத்துலயும். ஹோட்டல்ல பரிமாறுற பொண்ணு அவனைத் தாண்டி என்னைப் பாத்து, இவருக்கு என்னன்னு கேக்கும். நானும் பான்கேக்ன்னு சொல்லிருவேன். எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன். போன வருஷம் ஒருநாள் கார்ல வரும்போது சொல்றான், அக்கா, எனக்கு பான்கேக் புடிக்காதுன்னு. அப்புறம் ஏன்டா தின்னேன்னா, நீ கேக்கவே இல்லையேங்கிறான்.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் வண்டியை ஓரங்கட்டிட்டு அழுதேன். அதையும் கட்டுரையில எழுதிட்டேன், அது வேற.

கட்டுரையை அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். ஊமைக் குழந்தைக்குக் குரல் கொடுத்த அக்கான்னு ரெண்டு பக்கம், என் டீச்சரே கண் கலங்கிட்டாங்க. இவன் முழுசும் கேட்டுட்டு, நல்லாருக்குக்கா, யாரு இந்தப் பையன்னு கேட்டான்.

கோவம் வந்துச்சுண்ணே. வராதா பின்ன? அவனுக்குச் சோறு ஊட்டின கை இது.

ஆனா அவன் சும்மா இல்ல. மாவட்ட நூலகத்துல கம்ப்யூட்டர் வேலை, அதுக்கு முன்னாடி தபால்லயே டிகிரி முடிச்சவன். அவனைப் பதினெட்டு வயசுல ஒரு மறுவாழ்வு ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்த ஆளு என்கிட்டயே பேசினான். அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை இருக்கு, உங்க தம்பிக்கு அது போதும்ன்னான். நானும் தலையாட்டினேன். வெளிய வந்ததும் லைல் சொன்னான், அந்த ஆளோட நாற்காலியில ஒருநாள் நான் உக்காருவேன்னு. நான் அதை யாருக்கும் மொழிபெயர்க்கல.

இருங்க, கதவு திறக்குது. இல்ல, அவன் இல்ல. ஃபைல் வச்சிருக்கிற அம்மா.

யாரு, என்னையா? ஆமா, நான்தான் மார்லா. எனக்கு அவர் பேச்சு புரியுமான்னா... புரியும். இல்லம்மா, நான் வரல. என்னைக் கூப்பிடச் சொல்லி அவரு கேட்டாரா? கேக்கலையில்ல. அப்ப அவர்கிட்டயே இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க. அவசரப்படுத்தாம, அவர் முகத்தைப் பாத்துக் கேளுங்க. ரெண்டாந்தடவை பாதி புரியும், மூணாந்தடவை முழுசும் புரியும். நான் இங்கயே இருக்கேன்.

போயிட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க.

என்னண்ணே? ஆமா, உள்ள இருக்கிறது லைல்தான். ரெண்டு பேரும் ஒரே கார்லதான் வந்தோம். காலையில ஹோட்டல்ல அவனே சொன்னான், முட்டை வேணும்னு. அந்தப் பொண்ணுக்கும் மூணாந்தடவைதான் புரிஞ்சுது.

ஆமா, அதே ஒரு இடம்தான். எனக்கும் அவனுக்கும்.

உள்ள போயிருந்தா நான் எவ்வளவு கெட்டிக்காரின்னு அவங்க பாத்திருப்பாங்க, தெரியும். போகாததுனால அவன் சொல்றது புரியாமலே போனாலும் போயிரும், அதுவும் தெரியும். எந்தக் கணக்குல இங்க உக்காந்திருக்கேன்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கே புரியல. அடுத்தது நான் போகணும். ஏன் இந்தத் துறைக்கு வந்தீங்கன்னு கேப்பாங்க. என் கதை இப்ப உள்ள உக்காந்து தானே பேசிக்கிட்டு இருக்கு. நான் என்னத்தைச் சொல்ல?

அது அவன் குரல். கேக்குதா உங்களுக்கு? திரும்ப முதல்லேர்ந்து சொல்றான்.

அண்ணே, உங்க கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா? உங்களுக்காக இல்ல, எனக்குத்தான்.