மாப்பிள்ளை அழைப்பு வேகம்

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பேர். மடியில் லேப்டாப்போடு ஒரு மெக்கானிக். பக்கத்தில், அவரிடம் காரை வேலைக்கு விட்டிருந்த இளைஞர்.

“ஸ்போர்ட்ஸ் காருதாண்ணா. ஆனா நடக்கற வேகத்துல ஓடணும்” என்றார் இளைஞர். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஸ்பீடு வேணும்னுதானேபா ஃப்யூவல் கன்ட்ரோலர் மாட்டச் சொன்ன? பறக்குதில்ல?”

“பறக்குதுண்ணா. மெதுவா உருட்டினாதான் வெடுக்வெடுக்குனு துள்ளுது. நாளைக்கு மாப்பிள்ளை அழைப்பு. ஃப்ரெண்டுதான் மாப்பிள்ளை, அவனை அதுலதான் கூட்டினு வரேன்.”

“ஸ்லோவுல பெட்ரோல் கம்மியா போற மாதிரி வெச்சிருக்கேன், அதான். கிளட்சை மிதிச்சி மிதிச்சி ஓட்டு. ஊர்வலந்தானே?”

“முன்னாடி நாயனம் வாசிச்சிக்கினு நடக்கறது எங்கப்பாண்ணா. வண்டியை ஓட்றது நான்னு தெரிஞ்சா, என்னை நம்பி ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்க மாட்டாரு. வண்டி துள்ளினா அவரு மேலதான் இடிக்கும்.”

மெக்கானிக் லேப்டாப்பைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

“பெட்ரோலைக் குத்துமதிப்பா வெக்கக் கூடாது. சாயந்திரம் அப்பாவைக் கூட்டினு வா. அவரு நடக்கட்டும், நான் கொஞ்சம் தள்ளிப் பின்னாடியே ஓட்டிக்கினு வந்து செட் பண்றேன்.”

“சும்மா நடந்தா போதுமாண்ணா?”

“நாயனத்தை எடுத்துக்கினு வரச் சொல்லுபா. வாசிச்சாதான் அவரு எவ்ளோ மெதுவா நடப்பாருன்னு தெரியும்.”