ஏழாம் அறைக்கு மட்டும் ஒரு விதி

வீடு மாறும்போது உடைந்த பக்கெட்டையும் காலொடிந்த நாற்காலியையும் சேர்த்து வண்டியில் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. வேண்டியதை எடு, வேண்டாததை எறி. வீட்டிலும் நான் அப்படித்தான், என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

என் தொழிலும் அதுதான் சார். ஒரு கம்பெனி பழைய மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறும்போது, அதிலுள்ள விதிகளை இடம் மாற்றிக் கொடுப்பேன். இந்தக் குளிர்பதனக் கிடங்கில் கதவுகள் எல்லாம் மென்பொருள் சொன்னபடிதான் கேட்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே வரி. பழைய மென்பொருளைத் திறந்தால் அந்த ஒரு வரிக்குக் கீழே அனுமார் வால் போல விலக்குகள். மூன்றாம் அறை வாசலில் லாரி நின்றால் பூட்டாதே. ஐந்தாம் அறையைக் கழுவும் நாளில் பிறகு பூட்டு. ஏழாம் அறையை, ஓர் ஆள் போய் உள்ளே எட்டிப் பார்த்துப் பொத்தானை அழுத்தும்வரை பூட்டவே பூட்டாதே.

எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. அலுவலகத்தில் அவரை ‘ஆனால் அக்கா’ என்பார்கள். எங்கள் பிரிவிலேயே மூத்த பொறியாளர். எதைச் சொன்னாலும் “ஆனால்...” என்று ஆரம்பிப்பார். பொழுது விடிந்துவிட்டது என்றால்கூட, ஆனால் மேகமா இருக்கே என்பார்.

நான் அத்தனை விலக்குகளையும் வழித்துப் போட்டேன். ஒரே திரை, கதவுக்கு ஒரு சுவிட்ச். குழந்தைகூட இயக்கலாம். கூட்டத்தில் மேலாளர் பார்த்துவிட்டுக் கைதட்டினார். எது எதைச் செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. திரையின் பச்சை நிறம் பிடித்திருந்தது.

அக்கா மட்டும் கைதட்டவில்லை. “தம்பி, ஒவ்வொரு விதியும் எதுக்கு இருக்குன்னு யாரையாவது கேட்டீங்களா? வீட்டைப் பெருக்கச் சொன்னா தூணையும் சேர்த்துப் பெருக்கிட்டீங்களே” என்றார். கூட்டமே சிரித்தது. மேலாளரும் சிரித்தார், கைதட்டிய அதே முகத்தோடு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் எரிந்தது.

மறுநாள் அவரே என் மேசைக்கு வந்தார். பொறுமையாகத்தான் சொன்னார். ஏழாம் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி பனி பிடித்து இறுகிக் கிடக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டால் திறக்க முடியாது, அந்த இரும்புச் சுவருக்குள் கைபேசியும் எடுக்காது. கைப்பிடியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்த பிறகுதான் அந்த விதியை எழுதினாராம். விதி வந்ததும் கைப்பிடியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பாருங்கள், ஒரு விலக்கு மனிதர்களை எப்படிச் சோம்பேறி ஆக்குகிறது.

“அந்த ஒண்ணை மட்டுமாவது வெச்சிருங்க தம்பி.”

“வெச்சாச்சுக்கா” என்றேன்.

வைக்கவில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் ரகம் இந்த விலக்குகள். தவிர, ஏழாம் அறைக்காக மட்டும் என் திரையில் இன்னொரு பொத்தான் வைக்க வேண்டியிருக்கும். பார்க்க நன்றாக இருக்காது.

புதிய மென்பொருள் ஓட ஆரம்பித்த அன்று சாயங்காலம், மற்றவர்கள் கிளம்பிய பிறகு, அக்கா கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

“நான் ஏழுக்குள்ள போய் நிக்கிறேன். அது மட்டும் பூட்டாம நின்னா, நாளைக்கு எல்லார் முன்னாடியும் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கிறேன். அன்னைக்கு நான் பேசினது கொஞ்சம் அதிகம்தான். தப்பித்தவறிப் பூட்டிக்கிட்டா மணி அடிக்கிறேன், திறந்து விடுங்க.”

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடியும் கூட்டம், மறுபடியும் தூண், மறுபடியும் சிரிப்பு. “போய்ப் பாருங்கக்கா” என்றேன். ஒரு ‘ஆனால்’கூடச் சொல்லாமல் போனார். எனக்குத் தெரிந்து அவர் என்னை நம்பியது அந்த ஒரு முறைதான்.

நேரம் வந்ததும் கதவுகள் வரிசையாகப் பூட்டிக்கொண்டன. ஏழும் பூட்டிக்கொண்டது. திரை முழுக்கப் பச்சை. செய்த வேலை பிசிறில்லாமல் ஓடுவதைப் பார்க்கும்போது ஒரு திருப்தி வரும், உங்கள் தொழிலிலும் இருக்கும்.

பிறகு மணி அடித்தது. எந்த அறையில் ஆபத்து மணியை அழுத்தினாலும் அது மூத்த பொறியாளரின் மேசைத் தொலைபேசியில்தான் அடிக்கும். எல்லா அறைக்கும் ஒரே விதி என்பதால் நான் அதில் கை வைக்கவில்லை. அக்காவின் மேசை என் மேசைக்கு அடுத்தது. ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் அது அடித்துக்கொண்டே இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அடுத்தவர் தொலைபேசியை எடுப்பது நாகரிகம் இல்லை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள் சார்.

சுவிட்சைத் தட்டியிருந்தால் கதவு திறந்திருக்கும். தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் ஓர் ஆளுக்காகத் திறந்தால் அதற்குப் பெயர் விலக்கு. மணி ஓயும்வரை உட்கார்ந்திருந்தேன். ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்தேன், பாதியில் எழுந்து போகக் கூடாது என்று. அப்புறம் வீட்டுக்குப் போனேன்.

அவரைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வன்மம் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆள் பார்த்து நடக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது. எனக்கு எல்லாரும் ஒன்று, எல்லாருக்கும் ஒரே விதி.

உங்கள் ஆட்கள் என் மென்பொருளைக் குடைந்து, ஒரே ஒரு தனி விதி மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னீர்கள். உண்மைதான். வேலை நேரம் முடிந்ததும் கட்டடம் முழுக்க ஹீட்டர்கள் அணைந்துவிடும், என் மேசைக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் அணையாது. அதைப் போய்ப் பெரிதுபடுத்தாதீர்கள். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது.