தோளில் ஒரு கை

— அந்தக் கையை எடுக்க ஏலாதோ, தம்பி?

— எந்தக் கை, அன்ரி?

— ஜதுசன்ர தோளில இருக்கிற கை. போன வருசம் அறிவித்தல் போடேக்கையும் அது கிடந்தது. மோதிரத்தோட. பாத்த சனமெல்லாம் ஆற்ற கை, ஆற்ற கை எண்டு கேட்டு என்ர உயிரை எடுத்துதுகள்.

— என்ர கை தான். அது எங்கட கலியாணப் படம். நீங்கள் படத்தில இருந்து என்னை வெட்டினியள், கை மிஞ்சிப்போச்சு.

— வேற படம் இல்லையோ? என்ர பிள்ளை போய் வாற வியாழன் ஒரு வருசம். நினைவஞ்சலிக்கு இண்டைக்கே அனுப்பவேணும்.

— ஃபோனில நிறையப் படம் இருக்கு. எல்லாத்திலயும் நான் பக்கத்தில நிக்கிறன். என்ன செய்ய?

— கோவிக்காதையும். தேத்தண்ணியைக் குடியும். நோர்பரியில இருந்து ரெயின் மாறி மாறி வந்திருக்கிறீர்.

— படம் தாறன், அன்ரி. ஒரு வரி மட்டும் கேக்கிறன். ‘நிருஜனின் அன்புக் கணவரும்’ எண்டு. போன முறை தங்கச்சி, மச்சான், பெரியம்மாவின்ர பிள்ளையள் வரைக்கும் பேர் வந்தது. என்ர பேர் மட்டும் இல்லை.

— நீர் நல்ல பிள்ளை. ஆனா மகள் தனுஷியாவின்ர மாமன் மாமியும் வாசிப்பினமெல்லோ. அவளும் வாழவேணும்.

— ஆஸ்பத்திரியில டொக்டர் வந்து ‘ஹஸ்பண்ட் ஆர்?’ எண்டு கேட்டவர். நான் தான் எழும்பினனான். கவுன்சிலில கையெழுத்து வைச்சுப் பதிஞ்சதும் நான் தான், ஜதுவின்ர சாவை…

— உந்தச் சொல்லு வேண்டாம்! இந்த வீட்டில ஒருத்தரும் அதைச் சொல்லுறேல்லை.

— சரி. சொல்லேல்லை.

— அஞ்சு மணிக்கு அவன் திறப்புப் போட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் கேக்கும் எனக்கு. ஒவ்வொரு நாளும் எழும்பிப் போய்க் கதவைப் பாக்கிறனான்.

— எனக்குக் குளிக்கிற அறையில. உள்ளுக்க நிண்டு பாட்டுப் படிக்கிற மாதிரி. தட்டியும் பாத்தனான், அன்ரி… பொறுங்கோ, உங்கட ஃபோன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— மூண்டாவது தரம். ‘குகதாசன் புரோக்கர்’ எண்டு காட்டுது.

— ஐயோ, கட் பண்ணும்!

— கை மாறிப் பட்டிட்டுது. ஸ்பீக்கரில போட்டுது…

— அக்கா, குகதாசன் கதைக்கிறன்! பாருங்கோ அக்கா, உங்கட மகன்ர சாதகத்துக்குக் குறோய்டனில ஒரு பிள்ளை. பார்மசிஸ்ட். பத்தில எட்டுப் பொருத்தம், பாருங்கோ! சனிக்கிழமை பெடியனைக் கூட்டிக்கொண்டு வாறியளோ?

— ஒரு நிமிசம் நில்லுங்கோ, குகதாசன்.

— மியூட் பண்ணிட்டன், அவருக்குக் கேக்காது. என்ன அன்ரி இது? பழைய சாதகம் எங்கயும் கிடந்ததோ?

— பழசில்லை. நான் தான் குடுத்தனான். எல்லாம் முடிஞ்சு மூண்டாம் மாசம்.

— முடிஞ்ச பிறகோ? ஏன்?

— சாதகம் ஆற்றையும் கையில இருக்கிறமட்டும் பிள்ளையும் எங்கயோ இருக்கிறான் எண்டு… அந்தாள் எடுத்து ‘உங்கட மகன்’ எண்டு கதைக்கேக்க, அந்த ரெண்டு நிமிசம் அவன் உயிரோட இருக்கிறான், தம்பி. அவன்ர அப்பா அவன்ர அறையைப் பூட்டிப்போட்டு வாயே திறக்கிறாரில்லை. வேற ஆரிட்ட நான் அவனைப் பற்றிக் கதைக்க?

— என்னட்ட. நானும் கதைக்க ஆளில்லாமல் தானே இருக்கிறன். ஒருநாள் ஃபோன் எடுத்திருக்கலாமே.

— எந்த முகத்தோட எடுக்கிறது? கடைசியா அவனோட கதைக்கேக்கையும் ஒரு பிள்ளையைப் பாக்க வா எண்டு தான் கேட்டனான். ‘அம்மா, நான் கலியாணம் கட்டி ரெண்டு வருசம்’ எண்டான். நான் ஃபோனை வைச்சிட்டன்.

— தெரியும். நான் பக்கத்தில இருந்தனான்.

— அழுதவனோ?

— ஓம்.

— ஆற்றையும் தோள் இருந்ததோ அவனுக்கு?

— என்ர தோளில தான் படுத்திருந்தவன்.

— படத்தில அந்தக் கையை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். என்ர பிள்ளையை என்னட்ட இருந்து இழுத்துக்கொண்டு போற கை எண்டு நினைச்சுத் திட்டியிருக்கிறன்.

— இழுக்கேல்லை, அன்ரி. பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.

— மியூட்டை எடும்.

— அக்கா? நிக்கிறியளோ? சனிக்கிழமை நாலு மணி சரி வருமோ?

— என்ர மகன் கலியாணம் கட்டினவன், குகதாசன்.

— என்னக்கா, ஒரு வார்த்தை சொல்லேல்லையே! பொம்பிளை எந்த ஊர்?

— பொம்பிளை இல்லை. மாப்பிள்ளை. நிருஜன் எண்டு பேர். கரவெட்டி ஆக்கள்.

— அக்கா… பாருங்கோ அக்கா, உதெல்லாம் இஞ்சத்தப் பெடியளுக்கு வாற விசர். ஃபோனை ஒருக்கா மகனிட்டக் குடுங்கோ. நான் கதைச்சு வழிக்குக் கொண்டுவாறன்.

— மகன் செத்துப்போனான், குகதாசன். பொறுங்கோ, மருமகனிட்டக் குடுக்கிறன். கதையுங்கோ.