நாற்பதாம் நம்பர்

மிளகாய்க் காட்டுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே நெடுங்கரிசல் என்றொரு ஊர். பஸ் ஏறவே ஏழு மைல் நடக்கிற காலம். அங்கே உடையணசாமி என்று ஒருத்தர் இருந்தாராம். ஊருக்குக் காலேஜ் வேணும் என்று நடக்க ஆரம்பித்தவர் நடந்தார், நடந்தார், பன்னிரண்டு வருஷம் நடந்தார். முதலில் செருப்புத் தேய்ந்ததாம், அப்புறம் பாதை தேய்ந்ததாம். அந்தத் தடத்தில்தான் இப்போது வாய்க்கால் ஓடுகிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

ஒருவழியாகக் கீற்றுக் கொட்டகை எழுந்தது. சாமுவேல் தங்கையா பிரின்ஸ்பாலாக வந்தார். பல்கலைக்கழகம் ஒரே நிபந்தனை வைத்தது: அதிகாரி வருகிற அன்று வகுப்பில் நாற்பது பேர் இருக்கணும். ஒருத்தர் குறைந்தாலும் அனுமதி கிடையாது.

உடையணசாமி நாற்பது பேரைச் சேர்த்துவிட்டார். ஆனால் அதிகாரி சொன்ன தேதிக்குத் தலையாட்டியபோது, அது மிளகாய்ப் பழம் பறிக்கிற மாசம் என்பதை மறந்துபோனார். பிள்ளைகள் எல்லாம் மிளகாய்க் காட்டில். மூன்று நாள் கண் மூடாமல் காடு காடாய் அலைந்தார். பிள்ளைக்குப் பதில் தானே குனிந்து பழம் பறித்துக் கொடுத்து, முப்பத்தொன்பது பேரை மீட்டார். கடைசிக் காட்டுக்காரர் மட்டும் மசியவில்லை.

"பழம் அழுகினா உங்க காலேஜா சோறு போடும், மாமா?"

உடையணசாமி வீட்டுக்கு வந்து, பரணில் கிடந்த தன் பள்ளிச் சான்றிதழைத் தட்டி எடுத்துக்கொண்டு பிரின்ஸ்பாலிடம் போனார்.

"என்னையும் சேத்துக்கங்க சார்."

"அம்பத்தெட்டு வயசாச்சேய்யா."

"வயசுக்கு நிபந்தனை போடலையே."

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதிகாரி வந்தார், வருகைப் பதிவு எடுத்தார். முப்பத்தொன்பது வரை குரல் வந்தது. "நாற்பது" என்றார். பதில் இல்லை. "நாற்பது" என்றார் மறுபடியும். குறட்டைதான் வந்தது. கொட்டகைக் கூரை ஒரு சாண் ஏறி ஏறி இறங்கியதாம்.

எழுப்பச் சொன்னார் அதிகாரி. தங்கையா அசையவில்லை.

"மனசு வரலை ஐயா. பன்னிரண்டு வருஷத்துல இப்பத்தான் உக்காந்திருக்காரு."

அதிகாரி குனிந்து பார்த்தார். பாத வெடிப்பில் மிளகாய் விதை முளைவிட்டிருந்ததாம். பேனாவை எடுத்து, நாற்பதுக்கு நேரே வருகை போட்டார். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் கண் விழித்தார் உடையணசாமி. எதிரே தங்கையா மட்டும்.

"கெடுத்துட்டனா?"

"அனுமதி கெடைச்சிருச்சு."

"அப்ப இன்னும் கொஞ்சம் தூங்கிக்கிறேன் சார்."

இப்போது அங்கே மாடிக் கட்டடம். ஆயிரம் பேர் படிக்கிறார்கள். ஆனால் முதலாண்டில் நாற்பதாம் நம்பரை யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த நம்பர் வந்ததும் வாத்தியார் குரலைத் தணித்துக் கூப்பிடுவார். பதில் வராது. வருகை போட்டுவிட்டு, நாற்பத்தொன்றுக்குப் போய்விடுவார்.