சரியாகப் பத்து மணிக்கு வந்தவன்

எனக்குக் காத்திருப்பது பிடிக்காது, ஐயா. யாருக்குத்தான் பிடிக்கும்? விசாரணை அதிகாரியான நீங்களே, நான் இதை எழுதத் தொடங்கியதிலிருந்து மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டீர்கள்.

பொறியியல் பட்டம் வாங்கிய கையோடு மாநகரப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை கிடைத்தது. மென்பொருள் பிரிவில் பயிற்சிப் பொறியாளர். ஆம்புலன்ஸ் நெருங்கினால் சிக்னல் தானாகப் பச்சையாக வேண்டும், அதற்கான நிரல் என் பொறுப்பு. ஒவ்வொரு ஆம்புலன்ஸிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். "வருகிறேன், வருகிறேன்" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்வரை சிக்னல் வழிவிடும். சோதித்துப் பார்க்க ஆம்புலன்ஸையா கொடுப்பார்கள்? ஒரு கருவியை என் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் ஒட்டி, பூஜ்யம் என்று எண் கொடுத்தேன். சோதனை பாதியில் கெடக்கூடாதே என்று, குறுக்கே எந்த ஆம்புலன்ஸ் வந்தாலும் பூஜ்யத்துக்கே முதல் வழி என்றும் எழுதிவைத்தேன்.

"சோதனை முடிஞ்சதும் அந்தப் பூஜ்யத்தைத் தூக்கிடுப்பா," என்றார் மேலாளர்.

"இதோ தூக்கிடறேன் சார்," என்றேன்.

தூக்க மனம் வரவில்லை. வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் பதினான்கு சிக்னல்கள். பதினான்கும் பச்சை. நீங்களாக இருந்தால் தூக்கியிருப்பீர்களா என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

இனி என் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். நான் கட்டிக்கொள்ள நினைத்தவள் என்னோடு படித்தவள். அவள் இல்லாவிட்டால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அவளுடைய அப்பாவோ ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பூஜ்யம் பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் பெண் கேட்டுப் போனேன். நான்கு நிமிடம் தாமதம். மனிதர் கதவையே திறக்கவில்லை.

"ரயில் போயிடுச்சு தம்பி," என்றார் ஜன்னல் வழியாக.

இரண்டாம் முறை பூஜ்யத்தின் தயவில் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றேன். மறுபடியும் அதே ஜன்னல்.

"முன்னாடி வர்றதும் நேரம் தவறுறதுதான். அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணி. அதான் கடைசி."

"அப்பா சொன்னா சொன்னதுதான். இந்த ஒரு தடவை சரியா வந்துடுடா," என்று அவள் போனில் அழுதாள்.

அந்த ஞாயிறு, ஒன்பது நாற்பத்தெட்டுக்குக் கடைசி சிக்னலை நெருங்கிவிட்டேன். அங்கிருந்து அவள் வீடு இரண்டே நிமிடம். ஆகவே சிக்னலுக்குச் சற்று முன்னால் பூக்கடையில் வண்டியை நிறுத்தி, பூங்கொத்து பார்த்தேன். என் சாலை பச்சையாகவே இருந்தது. குறுக்குச் சாலை சிவப்பாகவே இருந்தது. அங்கே வண்டிகள் முட்டிமோதி நிற்க, நடுவில் ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டிருந்தது. பூ விலை கேட்கக்கூட முடியவில்லை.

"பாவம், யாரு பெத்த உசுரோ. இந்த சிக்னலை எவன்தான் பாத்துக்கறானோ," என்றார் பூக்கார அம்மா.

"பொறுப்பே இல்லாதவங்கம்மா," என்றேன்.

அது ஏன் சிவப்பாகவே நின்றது என்று எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். தெரியும். நான் கிளம்பிச் சிக்னலைத் தாண்டியிருந்தால் உடனே மாறியிருக்கும். ஆனால் பத்து நிமிடம் முன்னதாகப் போயிருப்பேன். போனால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் நான்கு முறை போனில் கூப்பிட்டிருக்கிறாள். அந்தச் சத்தத்தில் எனக்கு எங்கே கேட்டது?

சரியாகப் பத்துக்கு அவள் வீட்டு அழைப்பு மணியை அடித்தேன். கதவு பூட்டியிருந்தது. அவள் அப்பாவுக்கு வாய் கோணிக்கொண்டதாகவும், மகள் ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனதாகவும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பூங்கொத்தோடு வாசலில் உட்கார்ந்தேன். நியாயமாகப் பார்த்தால், மனம் உடைந்துபோனது எனக்கு.

அவர் பிழைத்துக்கொண்டார். பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பேச்சும் போகாமல் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். பெண் கொடுக்கச் சம்மதமா இல்லையா என்று அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் ஜன்னல் வழியாக நான் பூப் பொறுக்குவதைப் பார்த்தாளாம், அவளும் பேசுவதில்லை.

பூஜ்யத்தை எழுதியது நான். தூக்காமல் விட்டது நான். தெரிந்தே அங்கு நின்றதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. பத்து மணி என்று சொன்னவர் அவர். பத்து மணிக்கு அங்கே இருந்தவன் நான்.