பெட்டி இல்லாமல் வந்த டீச்சர்

"ஒத்தப் பைதானுங்களா டீச்சர்? அப்ப இந்த வருசமும் ஏமாந்துட்டோமுங்க."

ஏரியூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் பேச்சு இப்படித் தொடங்கியது. மறுநாள் பள்ளி திறப்பு. கேட்டது மடியில் கூடை வைத்திருந்த ஓர் அம்மாள். ஜன்னலோரம் இருந்த இளம் டீச்சருக்குப் புரியவில்லை.

"ஏங்கக்கா?"

"முன்ன இருந்த டீச்சரும் ரெண்டாம் வருசம் இப்பிடித்தான் பெட்டி இல்லாம வந்தாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள மாறுதல் வாங்கிக்கிட்டு சொந்த ஊருக்கே போயிட்டாங்க. எம் பொண்ணு ரெண்டு நாளு சரியா சோறு திங்கலீங்க."

டீச்சர் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"போன வருசம் தூத்துக்குடியில இருந்து ரெண்டு பெட்டி கொண்டு வந்தேன்லாக்கா? லீவுக்குப் போகும்போது அதைத் திரும்ப எடுத்துட்டுப் போகல. எல்லாம் என் ரூம்லதான் கிடக்கு. இதுல உங்க பொண்ணு கேட்ட கருவாடு இருக்கு."

அந்த அம்மாள் உடனே போனை எடுத்தாள். பஸ் இரைச்சலில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"ஏ புள்ள, டீச்சர் வராங்க. பெட்டி தூக்க உங்க செட்டையெல்லாம் ஸ்டாப்புக்கு வரச் சொன்னேன்ல, வேணாம். பெட்டியெல்லாம் நம்மூர்லயேதான் இருக்குதாம்."