பாரம் ஏறினால் மட்டும்

எனக்குத் தையல் நன்றாக வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. வீட்டில் யாருடைய உடுப்பு கிழிந்தாலும் கடைக்குப் போகாது, என் கைக்குத்தான் வரும். தைத்த இடம் தெரியக்கூடாது, அதுதான் நல்ல தையல். என் தங்கையின் பேன்ட்டுகளை நீங்கள் விசாரணை மேசைமேல் பரப்பி வைத்திருந்தீர்கள். அவற்றில் நான் பிடித்துத் தைத்த இடங்களை யாரோ சாக்கட்டியால் குறித்திருந்தார்கள். அவர் தொழில் தெரிந்தவர். சாதாரணக் கண்ணில் அது பட்டிருக்காது.

பல்கலைக்கழக ஓட்டப் பயிற்சியாளரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாக நேற்றுதான் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. அந்த அம்மாவின் மேல் ஒரு தப்பும் கிடையாது. ஒரு பாவமும் அறியாத ஒருவர் தலையில் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அதனால்தான் நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே நானாக வந்து எழுதிக் கொடுக்கிறேன்.

எங்கள் வீட்டில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அம்மா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். என்னைக் குச்சி என்றும் தங்கையைப் பந்து என்றும் கூப்பிடுவார்கள். பந்து என்றால் அவளுக்குக் கோபம் வராது. சிரிப்பாள். அவள் சிரித்தால் அந்த அறையில் இருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். படிப்பில் சூட்டிகை, குரலும் நல்ல குரல். வீட்டுக்கு யார் வந்தாலும் அவளைச் சுற்றித்தான் உட்காருவார்கள். கிளம்பும்போது மட்டும் என்னைப் பார்த்து, "பெரியவ எவ்வளவு ஒடிசலா, லட்சணமா இருக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது போதும். நான் பேராசைக்காரி இல்லை.

நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பௌதிகம் படிக்கும்போது அவள் முதலாம் ஆண்டு சேர்ந்தாள். தனியாக விடுதி வேண்டாம், அக்காவோடு இருக்கட்டும் என்று அம்மா சொன்னாள். என் அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே. கீழேயிருந்து நாள் முழுக்க ஆவி வந்துகொண்டிருக்கும், சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். இரண்டு கட்டில் போட்ட பிறகு ஒருவர் நடந்தால் மற்றவர் கால் மடக்க வேண்டும்.

வகுப்பு நான்காவது மாடியில். ஏறி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. மாணவர் மருத்துவமனையில் காட்டினோம். வயசுக்கு எடை கூடுதல், குறைத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். எடை பார்க்கும்போது பின்னால் வரிசையில் நின்ற யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். "இனிமே செத்தாலும் அந்த மெஷின்ல ஏற மாட்டேன்க்கா" என்றாள் வெளியே வந்ததும். மைதானத்துக்குப் போய்ப் பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் கொடுத்த தாள் உங்களிடம் இருக்கிறது. அதைப் படித்துப் பாருங்கள். மூன்று வேளையும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். காய்கறி, முட்டை, பால் எல்லாம் உண்டு. காலையில் நடை, பிறகு மெதுவாக ஓட்டம். கடைசியில் அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்: அவசரம் வேண்டாம், எடையைப் பார்க்காதே, மூச்சைப் பார்.

ஆனாலும் அவளுக்கு எடை பார்க்க ஆசை. முள் வைத்த மெஷின் ஒன்று வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி நின்று, வந்த கணக்கை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் எழுதுவாள். முதல் இரண்டரை மாதம் அவள் செய்தது எல்லாம் சரி. வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். நான்கு மாடி ஏறிவிட்டு, "பாரு, பேசிக்கிட்டே ஏறிட்டேன்" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் படியிறங்கி வரும்போது சலவைக் கடைக்கார அம்மா இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேர்ல யாரு பெரியவ, யாரு சின்னவன்னே இப்பத் தெரியலையே" என்றாள். அன்று சாயங்காலம் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். தங்கையின் முகத்தைப் பார்த்து வாயில் கை வைத்தாள். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏன்டி வாடிப்போய் இருக்கே? அவளைப் பாத்துக் கத்துக்கோ" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பது, கருவிகள் இரண்டு விதமாகத் தப்பு காட்டும் என்பது. ஒன்று, யாரும் தொடாதபோதே முள் பூஜ்யத்தை விட்டு விலகி நிற்பது. அதைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். மற்றது, சும்மா இருக்கும்போது பூஜ்யத்தில் ஒழுங்காக நின்றுவிட்டு, பாரம் ஏறினால் மட்டும் கூடுதலாகக் காட்டுவது. அது லேசில் பிடிபடாது. எங்கள் மெஷினின் அடியில் நான்கு திருகுகள். உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இன்னொரு சின்னத் திருகு. தங்கை வகுப்புக்குப் போயிருந்தபோது அதைத் திருப்பினேன். முதல் தடவை மிகக் கொஞ்சம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முள் போன வாரத்து இடத்திலேயே நின்றது. "பரவால்ல, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள். அடுத்த வாரமும் நின்றது. இரண்டு மூன்று வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். பழையபடி சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டு திரிவாள், எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். என் கணக்கு அவ்வளவுதான். அவள் விடவில்லை. தட்டில் இருப்பதைக் குறைத்தாள். அவளுக்கு அவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அவள் நிஜமாகவே இளைத்துக்கொண்டிருந்தாள். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனால் முள் ஒரே நாளில் தடதடவென்று கீழே இறங்கும். யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்படியே விட்டாலும் வாரா வாரம் இறங்கும். முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் இன்னும் கொஞ்சம் திருப்பித்தான் ஆக வேண்டும். அவள் குறைக்கக் குறைக்க நான் திருப்பினேன். நான் திருப்பத் திருப்ப அவள் குறைத்தாள். அந்தச் சின்ன அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் அந்தப் பருவம் முழுக்க இருந்தோம். வெளியே போக எனக்கு வழி தெரியவில்லை.

ஒருமுறை அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அக்கா, மெஷின் தப்பாக் காட்டுதோ?"

"எப்படித் தப்பாக் காட்டும்? முள் பூஜ்யத்துலதானே நிக்குது?"

"நீ ஏறு பாக்கலாம்."

ஏறினேன். எனக்கும் கூடுதலாகத்தான் காட்டியது. "போச்சு, உன்கூட இருந்து எனக்கும் வெயிட் போட்டுடுச்சு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவளுக்குத் திருப்தி வரட்டும் என்று, அதை ஒரு பையில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே எடைபோடும் படிக்கற்கள் உண்டு, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் கொண்டுவந்து, "சரியாத்தான்டி இருக்கு, லேப்லயே பாத்துட்டேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப தப்பு என்கிட்டதான்" என்றாள்.

உடுப்பு தளர ஆரம்பித்தது. "அக்கா, இடுப்புல நிக்க மாட்டேங்குதுக்கா" என்று ஒருநாள் முகம் மலரச் சொன்னாள். மறுநாள் அவள் நூலகத்தில் இருந்தபோது இரண்டு பக்கமும் விரல் அகலம் பிடித்துத் தைத்தேன். பழைய நூலின் நிறத்திலேயே நூல் வாங்கி வந்திருந்தேன். போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மாதத்தில் மூன்று பேன்ட், ஐந்து சட்டை. பிறகு எண்ணவில்லை. கண்ணாடியில் ஏற்கெனவே எடைத் தாள் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் வகுப்பு அட்டவணையையும் தேர்வு அட்டவணையையும் நான் ஒட்டினேன். மிச்சம் தெரிந்தது முகம் பார்க்கிற அளவுக்கு ஒரு துண்டு. அவள் வகுப்புப் பெண்கள், "என்னடி இப்படி எலும்பாயிட்டே?" என்று கேட்டார்களாம். என்னிடம் வந்து சொன்னாள். "குண்டா இருக்கறவங்களை அப்படித்தான் கிண்டல் பண்ணுவாங்க, கண்டுக்காதே" என்றேன். அதற்குப் பிறகு அவர்களோடு அவள் பேசவில்லை. வகுப்பு, மைதானம், அறை. பாடுவதும் நின்றுவிட்டது. அம்மா கூப்பிட்டால் அவள் படிக்கிறாள் என்று சொல்லி நானே பேசிவிடுவேன்.

மழைக்காலம் வந்தபோது சலவைக் கடையின் சூட்டிலும் அவளுக்குக் குளிர் எடுத்தது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். சீப்பில் கொத்தாக முடி வந்தது. அதை நான்தான் எடுத்துப் போடுவேன், அவள் பார்த்தால் வருத்தப்படுவாள் என்று. அவளுக்கு வேண்டியதையெல்லாம் செய்தேன். தலை வாரிவிட்டேன். காலைப் பிடித்துவிட்டேன். அப்பப்பா, அந்த அளவுக்கு அவள் என்னிடம் ஒட்டிக்கொண்டு இருந்தது எங்கள் வாழ்க்கையிலேயே அப்போதுதான்.

பயிற்சியாளர் எங்கள் அறைக்கே ஒருமுறை வந்தார். இது உங்களுக்குத் தெரியாது. அவரும் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் உங்களில் யாரும் அவரைப் பேச விட்டிருக்க மாட்டீர்கள். தங்கை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

"உன் தங்கச்சி எங்கேம்மா?"

"ஊருக்குப் போயிருக்கா."

"மைதானத்துக்கு வராதேன்னு நான் சொல்லி ரெண்டு வாரமாச்சு. வெளி ரோட்டுல தனியா ஓடறாளாமே. அவ உடம்பு சரியில்ல. பாத்தாலே தெரியுது. உனக்குத் தெரியலையா?"

"தெரியுது. சொல்றேன்."

"சொன்னாப் பத்தாது. டாக்டர்கிட்ட நீயே கையோட கூட்டிட்டுப் போ. இந்தா, லெட்டர். இதை அவர்கிட்ட காட்டு, உடனே பாப்பார். அம்மாகிட்டயும் பேசு."

நல்ல மனசுக்காரர். அந்தக் கடிதம் என் பௌதிகப் புத்தகத்தில் இருந்தது. இதோடு இணைத்திருக்கிறேன். நான்காக மடித்திருக்கும், பிரித்துப் பார்த்தால் தேதி தெரியும். அவள் விழுந்ததற்குப் பதினாறு நாள் முன்பு.

தேர்வு நாளன்று காலை அவள் இரண்டாம் மாடிப் படியில் விழுந்தாள். இதயம் தாறுமாறாக அடிக்கிறது என்றார்கள். அம்மாவும் அப்பாவும் வேனிலேயே வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலோடு எடை பார்த்துவிட்டு டாக்டர் அந்த எண்ணைச் சொன்னபோது அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா, "இருக்காது, இருக்காது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மட்டும் ஆச்சரியப்படவில்லை என்று செவிலியர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரி. எனக்கு அந்த எண் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் மெஷின் காட்டியதிலிருந்து நான் கூட்டி வைத்ததைக் கழித்து, உண்மையான எடையை என் ஆய்வக நோட்டில் குறித்து வந்தேன். தேதி, திருகு திருப்பிய அளவு, எடை என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். டாக்டர் சொன்னதற்கும் என் கணக்குக்கும் அரைக் கிலோகூட வித்தியாசமில்லை.

ஆகையால் மெஷினைக் கெடுத்தது நான். உடுப்பைப் பிடித்துத் தைத்தது நான். கடிதத்தை மறைத்தது நான். அந்தப் பயிற்சியாளர் அம்மாவை வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். இதயம் பழையபடி ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாதாம். டாக்டர் சொன்ன எடையை அவள் நம்பவில்லை. "ஆஸ்பத்திரி மெஷின்தான் தப்பு. எங்க அக்கா லேப்ல பாத்துட்டா" என்று அவரிடமே சொன்னாள். அம்மா ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. அப்பா கெஞ்சினாலும் திறப்பதில்லை. நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் சாப்பிடுகிறாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வேளையும் ஒருவர் கூடவே உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு வேலை, அப்பாவுக்கு வேன். நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் இந்த விசாரணையைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

செவிலியர் என்மேல் இன்னொரு புகாரும் கொடுத்திருக்கிறாராம். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் அரை டம்ளர் பாலைக் கையில் வைத்துக்கொண்டு தங்கை என் முகத்தைப் பார்த்தாள். "குடிக்கலாமாக்கா?" என்று கேட்டாள். நான் உடனே தலையசைக்கவில்லை என்கிறார். உண்மைதான், அசைக்கவில்லை. அவளுக்கு எது நல்லது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.